ஒரு காது போதாது!

உத்திரமேரூர் போயிருக்கிறீர்களா? காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறக்கிவிட்டு விடுவார்கள். ஊருக்குள் வைகுண்டப் பெருமாள் கோயில். அங்கே பெருமாளை ஒரு நிமிஷம் சேவித்துவிட்டு, மண்டபத்துச் சுவரை அரைமணி நேரம் பார்க்கிறவர்கள்தான் ஜாஸ்தி. காரணம் உங்களுக்கே தெரியும். கி.பி. 919, 921-ல் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தலின் விதிமுறைகளை எழுத்து எழுத்தாகக் கல்லில் அடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சுவருக்கு முன்னால் நின்று கவனித்தேன். ஒருவர் கல்வெட்டைப் போட்டோ எடுத்தார். யாருக்கோ அனுப்பப் பார்த்தார். சுற்றிக்கொண்டே இருந்தது, போகவில்லை. ஓரடி இடப்பக்கம் நகர்ந்தார். போனது! அடுத்த போட்டோவுக்குப் பழையபடி பழைய இடம், பழையபடி சுற்றல். "என்னங்க இது, ஒரு சாண் தள்ளி நின்னா கிடைக்குது, இங்க நின்னா கிடைக்கல?" என்று என்னைக் கேட்டார். டவரை நான்தான் நட்டது மாதிரி.

நியாயமான கேள்வி. டவர் அதே டவர். அதே போன். நடுவில் நகர்ந்தது ஒரே ஒரு சாண். அதற்குள் அப்படி என்ன நடந்துவிட்டது?

பதில் சொல்ல நான் உங்களைக் கொஞ்ச தூரம் அழைத்துப் போக வேண்டும். நியூயார்க் பக்கத்து ஒரு வயல்வெளி, டையூ கடலில் மூழ்கிய ஒரு கப்பல், பொள்ளாச்சியில் பிறந்த ஒரு மனிதர் என்று ஒரு சுற்று. திரும்ப இந்தச் சுவருக்கே வந்துவிடலாம்.

முதலில் ரேடியோ.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சாயங்காலம் ஆனால் பஞ்சாயத்து ரேடியோவைப் போட்டுவிடுவார்கள். குழாய் ஒலிபெருக்கியில் செய்திகள் ஊரெல்லாம் கேட்கும். பகலில் கணீரென்று இருந்த அதே ஸ்டேஷன், இருட்டிய பிறகு ஒரு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். குரல் கிணற்றுக்குள் இறங்கும், மேலே வரும், மறுபடி இறங்கும். முக்கியமான வரியில் சரியாக இறங்கும்! யாராவது எழுந்து பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டுவார். தற்செயலாக அந்த நேரம் பார்த்துக் குரல் திரும்பி வரும். தட்டியதால்தான் வந்தது என்று அவர் சாகும்வரை நம்புவார்.

இதற்குப் பெயர் 'ஃபேடிங்'. தமிழில் 'அலை மங்கல்' என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டிமேல் தப்பில்லை. தப்பு வானத்தில்.

சென்னை வானொலியின் மத்திய அலை ஒலிபரப்பு ஆவடியிலிருந்து. ஆவடிக்கும் உத்திரமேரூருக்கும் நேர்கோட்டில் 65 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பகலில் அலை தரையை ஒட்டி ஊர்ந்து வந்து சேரும். மேலே போகிற பங்கை, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் சூரியன் உண்டாக்கி வைத்திருக்கும் ஒரு மின்படலம் உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அந்தப் படலம் கரைந்துபோகும். மேலே போகும் அலை இன்னும் ஏறி, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அடுத்த படலத்தில் பட்டுத் திரும்பிக் கீழே வரும். ஆக, ராத்திரியில் ஒரே பாட்டு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று தரை வழி, இன்னொன்று வான வழி.

இரண்டு வழியில் வந்தால் இரண்டு மடங்கு சத்தம்தானே கேட்க வேண்டும்? அங்கேதான் வில்லங்கம். ஏரியில் இரண்டு கல்லைப் போட்டுப் பாருங்கள். இரண்டு வளையங்கள் விரிந்து சந்திக்கிற இடத்தில், மேடும் மேடும் சேர்ந்தால் பெரிய மேடு. மேடும் பள்ளமும் சேர்ந்தால் தண்ணீர் சும்மா கிடக்கும். ரேடியோ அலையும் அதேதான். மேல் படலம் ஓயாமல் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பதால் மேடும் பள்ளமும் மாறி மாறிச் சந்திக்கின்றன. குரல் எழுந்து எழுந்து அமிழ்கிறது.

இரண்டு அலையும் ஏறக்குறைய சம பலத்தில் வந்தால்தான் இந்தச் சண்டை மோசம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தரை அலை ஜெயித்துவிடும். ரொம்பத் தூரத்தில் வான அலை மட்டும்தான். நடுவே ஒரு வளையம் இருக்கிறது. மண்ணையும் அலைவரிசையையும் பொறுத்து, ஸ்டேஷனிலிருந்து 80 கிலோமீட்டரோ 100 கிலோமீட்டரோ தள்ளி ஆரம்பிக்கும். பட்டணத்துக்காரனுக்கும் தொல்லையில்லை, வெகுதூரத்துக்காரனுக்கும் அவ்வளவு தொல்லையில்லை. நடுவில் இருக்கிற கிராமத்துக்காரனுக்குத்தான் கஷ்டம். உத்திரமேரூர் அந்த வளையத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கிறது!

சிற்றலை இன்னும் மோசம். அது முழுக்க வானத்தை நம்பித்தான் தூர தேசம் போகிறது. 1952-ல் பி.வி. கேஸ்கர் மந்திரியாகி, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கெடுபிடி வந்தபோது, நம்மவர்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். மயில்வாகனத்தின் குரலுக்காக வீட்டுக் கூரையிலிருந்து தென்னைமரம் வரை ஏரியல் கம்பி கட்டினார்கள். கொழும்பிலிருந்து வரும் பாட்டு, பல்லவியில் பிரமாதமாக இருக்கும். சரணத்தில் காணாமல் போகும். ஒரே அலை பல உயரங்களில் பட்டு, பல வழிகளில் வந்து சேருகிற கோளாறுதான்.

தென்னிந்தியாவுக்கு இதில் கூடுதல் விசேஷம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகப் போகிறது. அதனால்தான் 1963-ல் ராக்கெட் விடத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1950-களிலேயே கொடைக்கானலில் வானத்தை நோக்கி ரேடியோத் துடிப்புகளை அனுப்பி, எந்த உயரத்திலிருந்து திரும்புகின்றன என்று அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில், சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் மேல் படலம் பால் பொங்குவது மாதிரி குமிழி குமிழியாகக் கலைந்துபோகும். அந்த நேரத்தில்தானே நாமும் சாப்பிட்டுவிட்டு ரேடியோ பக்கத்தில் வந்து உட்காருவோம்!

சரி, இதையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள்?

1902 பிப்ரவரி. மார்க்கோனி 'ஃபிலடெல்ஃபியா' என்ற கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டே இங்கிலாந்திலிருந்து வரும் சிக்னலைக் கேட்டுக்கொண்டு போனார். பகலில் சுமார் 700 மைலோடு சரி. ராத்திரியில் 2,000 மைல் தாண்டியும் கேட்டது. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. அதே வருஷம் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும், மேலே ஒரு மின்படலம் இருக்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொன்னார்கள். சொன்னார்களே தவிர, யாரும் பார்த்ததில்லை.

அதை நிரூபித்தவர் எட்வர்ட் ஆப்பிள்டன். எப்படி என்று கேளுங்கள். எல்லாரும் தொல்லை என்று திட்டிக்கொண்டிருந்த ஃபேடிங்கை வைத்தே நிரூபித்தார்! 1924 டிசம்பர் 11. போர்ன்மத் ஊரில் இருந்த பி.பி.சி. டிரான்ஸ்மிட்டரை, நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு கடன் வாங்கினார். அலைவரிசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தச் சொல்லிவிட்டு, ஆக்ஸ்ஃபோர்டில் பார்னட் என்ற மாணவருடன் உட்கார்ந்து, சிக்னல் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணினார். அந்த எண்ணிக்கையிலிருந்து வான வழிக்கும் தரை வழிக்கும் உள்ள தூர வித்தியாசம் கிடைத்தது. அதிலிருந்து படலத்தின் உயரம், சுமார் 90 கிலோமீட்டர். 1947-ல் நோபல் பரிசு.

இந்த மனிதர் செய்ததை ஒரு ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தொல்லையைத் தூக்கி எறியாமல், அதையே கருவியாக்கினார். இந்தக் கதையில் இது இன்னொரு தடவை வரும்.

காரணம் தெரிந்துவிட்டது. மருந்து?

எல்லாருக்கும் முதலில் தோன்றிய மருந்து ஒன்றுதான். இன்னும் சத்தமாகக் கத்து! டிரான்ஸ்மிட்டரின் பலத்தை ஏற்று. பணம் தண்ணீராய்ச் செலவானது. குரல் உச்சத்தில் இருக்கும்போது இன்னும் பெரிதாகக் கேட்டதே தவிர, பள்ளங்கள் முழுசாகத் தூர்ந்தபாடில்லை. மேடும் பள்ளமும் சேர்ந்து பூஜ்யமாகிற இடத்தில், எவ்வளவு பெரிய மேடாக இருந்தால் என்ன? எதிரே வருகிற பள்ளமும் அதே அளவு பெரிதாகிவிடுகிறதே!

1920-களில் ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு, நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் ரிவர்ஹெட் என்ற இடத்தில் ஒரு பெரிய கேட்பு நிலையம் இருந்தது. சுற்றிலும் வயல். ஐரோப்பாவிலிருந்து வரும் தந்திகளைச் சிற்றலையில் பிடிப்பது வேலை. நடுவில் மங்கினால் தந்தியில் எழுத்துகள் விழுந்துவிடும். வியாபாரத் தந்தியில் ஓர் எழுத்து விழுந்தால் யாருக்கோ ஆயிரக்கணக்கில் நஷ்டம். ஹரால்ட் பெவரேஜ், ஹரால்ட் பீட்டர்சன் என்று இரண்டு இன்ஜினீயர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். கொஞ்சம் தள்ளித் தள்ளி நட்ட ஆன்டெனாக்களில், ஒரே சிக்னல் ஒரே நேரத்தில் மங்குவதில்லை! இதில் அமிழும்போது அதில் மிதக்கிறது.

ஏன்? இரண்டு வழியில் வருகிற அலைகளின் மேடும் பள்ளமும் சந்திக்கிற கணக்கு இடத்துக்கு இடம் மாறுகிறது. இங்கே பள்ளம் என்றால் சற்றுத் தள்ளி மேடு.

உடனே சில நூறு மீட்டர் இடைவெளியில் மூன்று ஆன்டெனாக்களை வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிசீவர். மூன்றின் வெளியீட்டையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். இதற்கு 'டைவர்சிட்டி ரிசெப்ஷன்' என்று பெயர். பன்மை வழிக் கேட்பு. 1931-ல் விவரமாகக் கட்டுரை எழுதி வெளியிட்டார்கள்.

இதன் மகிமை ஒரு சின்னக் கணக்கில் தெரியும். ஒரு ஆன்டெனாவில் பத்தில் ஒரு பங்கு நேரம் சிக்னல் மங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரப் பாட்டு நிகழ்ச்சியில் ஆறு நிமிஷம் போச்சு. இரண்டு ஆன்டெனா, ஒன்றையொன்று பார்க்காமல் தனித்தனியாக மங்குகிறவை. இரண்டும் ஒரே நேரத்தில் மங்க வாய்ப்பு பத்தில் ஒன்றில் பத்தில் ஒன்று, அதாவது நூற்றில் ஒன்று. நஷ்டம் 36 விநாடி. மூன்று ஆன்டெனா என்றால் ஆயிரத்தில் ஒன்று. நாலு விநாடிகூட இல்லை. ஒரு தும்மல் நேரம்!

இதே முன்னேற்றத்தை ஒரே ஆன்டெனாவை வைத்துக்கொண்டு, பலத்தை ஏற்றிச் சாதிக்க வேண்டுமென்றால்? இந்த மாதிரி மங்கலுக்கு, ஆறு நிமிஷத்தை 36 விநாடியாக்க டிரான்ஸ்மிட்டரைச் சுமார் பத்து மடங்கு பெரிதாக்க வேண்டும். நாலு விநாடியாக்க நூறு மடங்கு. இன்னொரு கம்பத்தை நட்டுக் கம்பி கட்டினால் முடிகிற வேலைக்கு!

மூன்று ரிசீவர்களில் எது சத்தமாகக் கேட்கிறதோ அதை எடுத்துக்கொள் என்பது எளிய வழி. அதைவிட நல்ல வழியும் உண்டு. ஊர் பேர் தெரியாத இடத்தில் மூன்று பேரிடம் வழி கேட்கிறீர்கள். ஒருவர் தெளிவாகச் சொல்கிறார், ஒருவர் இழுக்கிறார், ஒருவர் வெற்றிலையை வாயில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்கிறார். யாரையும் நீங்கள் ஒதுக்குவதில்லை. தெளிவாகச் சொன்னவருக்கு அதிக மரியாதை, மற்றவர்களுக்கு அவரவர் தெளிவுக்குத் தக்கபடி. ரேடியோவிலும் அப்படி எடை போட்டுச் சேர்ப்பதுதான் சிறந்தது என்பதை 1950-களில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல், கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு பேசியது. பழைய தொல்லை புது அவதாரம் எடுத்தது அதற்குப் பிறகுதான்.

செல்போன் அலைக்கு வானம் வேண்டாம். கட்டடம், பாறை, பஸ், தண்ணீர் எதில் பட்டாலும் திரும்பும். உத்திரமேரூரின் பெரிய ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம். ஏரி நிரம்பிக் காற்றில்லாமல் கிடக்கும்போது அது ரேடியோ அலைக்கு ஒரு பெரிய கண்ணாடி. எதிர்க்கரையில் நிற்கிறவருக்கு டவரிலிருந்து ஒரு அலை நேராக வரும், இன்னொன்று தண்ணீரில் பட்டு வரும். ஏரி ததும்பும் மார்கழியிலும் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும் சித்திரையிலும் ஒரே கரையில் சிக்னல் வேறு வேறாக இருந்தால் ஆச்சரியமே இல்லை.

900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். நாலா பக்கமும் பட்டுத் தெறித்து வரும் அலைகளுக்கு நடுவே, ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் உள்ள தூரம் அதில் ஏறக்குறைய பாதி. பதினாறு பதினேழு சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு! கோயில் மண்டபத்தில் நின்ற நம் நண்பரின் கேள்விக்குப் பதில் இதுதான். அவர் நின்றது பள்ளத்தில். ஒரு சாண் நகர்ந்தார், மேட்டில் ஏறிவிட்டார்.

டவரிலிருக்கும் நீளநீளமான வெள்ளைப் பெட்டிகளைக் கவனித்திருப்பீர்கள். ஆரம்பத்தில் ஒரே திசையைப் பார்த்தபடி இரண்டு பெட்டிகளைச் சில மீட்டர் இடைவெளியில் மாட்டினார்கள். இரண்டு காது. பிறகு ஒரே பெட்டிக்குள் ஒன்று இடப்பக்கம் சாய்ந்தும் மற்றது வலப்பக்கம் சாய்ந்தும் இரண்டு வரிசை வைத்துவிட்டார்கள். ரிவர்ஹெட் வயலில் செய்ததன் பேரப்பிள்ளைகள்.

அதே 1990-களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சகாக்களும் கிராமங்களுக்காகக் 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொலைபேசியை உருவாக்கினார்கள். டவரைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர், ரிலே வைத்தால் 25 கிலோமீட்டர். பேச்சும் உண்டு, 35 முதல் 70 கிலோபிட் வேகத்தில் இன்டர்நெட்டும் உண்டு. 2001-லிருந்து மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துக் கிராமங்களில் கியாஸ்க் வைத்து நடத்தினார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. ஒரு நிபந்தனை இருந்தது. வீட்டுக் கூரைமேல் கம்பம் நட்டு, ஆன்டெனாவை டவரை நேராகப் பார்க்கிற மாதிரி திருப்பி வைக்க வேண்டும். நடுவில் மரமோ மேடோ மறித்தால் கஷ்டம். நேர்வழி நல்லது, தெறித்து வருவது கெட்டது என்பதுதான் அன்றைய இன்ஜினீயர்களின் வேதம்.

அந்த வேதத்தைத் திருப்பி எழுதியவரிடம் போக, கடலுக்குப் போக வேண்டும்.

1971 டிசம்பர் 9, இரவு. பாகிஸ்தானுடன் யுத்தம். டையூவுக்கு அருகே அரபிக்கடலில் 'ஐ.என்.எஸ். குக்ரி' என்ற நமது போர்க்கப்பலை, 'ஹாங்கோர்' என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்து மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார். குக்ரி நீர்மூழ்கியை வேட்டையாடப் போன கப்பல். வேட்டைக்காரனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. ஹாங்கோர் அதற்கு முன்பே குக்ரியைக் கேட்டுவிட்டது.

கப்பலின் காதுக்குச் சோனார் என்று பெயர். தண்ணீருக்குள் ஓர் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பது. கடல் இருக்கிறதே, அது வானத்துக்கு அண்ணன். ஒலி மேல்மட்டத்தில் பட்டுத் திரும்பும், அடித்தரையில் பட்டுத் திரும்பும், சூடும் குளிரும் மாறுகிற இடத்தில் வளையும். ஒரே சத்தம் பத்து வழியில் வந்து குழப்பும். அதில் நீர்மூழ்கி எது, வெறும் கடல் எது?

ஆரோக்கியசாமி பால்ராஜ் பிறந்தது 1944-ல், பொள்ளாச்சியில். பதினைந்து வயதில் தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாகக் கடற்படைக்குப் போனவர். டில்லி ஐ.ஐ.டி.யில் 1973-ல் டாக்டர் பட்டம். குக்ரியை இழந்த கடற்படை, சோனாரைச் சரி செய்ய அவரைக் கூப்பிட்டது. இருந்த வெளிநாட்டுச் சோனாரை முதலில் செப்பனிட்டார். பிறகு கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில் 'அப்சோ' என்ற முழு இந்தியச் சோனாரை உருவாக்கும் குழுவுக்குத் தலைமை வகித்தார். 1983-ல் அது கப்பலேறியது. பல காதுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் கேட்டதைக் கணக்குப் போட்டுச் சேர்த்து, குழப்பத்திலிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுக்கும் வித்தையை இவர் கற்றது அந்தக் கடலில்.

1991-ல் கமடோர் பதவியோடு ஓய்வு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய், புனேயில் பிறந்த தாமஸ் கைலாத்தின் குழுவில் சேர்ந்தார். அங்கே ஒரு வேலை. ஒரே அலைவரிசையில் பேசும் இரண்டு டிரான்ஸ்மிட்டர்களின் குரலை, பல ஆன்டெனா வைத்துப் பிரிக்க வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பிரிப்பது கடினம் என்று கணக்கு சொன்னது. ஆனால் அலைகள் கண்டபடி தெறித்துச் சிதறும்போது, கஷ்டமாக வேண்டியது சுலபமாகப் பிரிந்தது!

ஏன் என்று எட்டாங்கிளாஸ் அல்ஜீப்ராவில் சொல்கிறேன். பயப்படாதீர்கள், இரண்டே வரி.

இரண்டு எண்கள். முதல் காது இரண்டையும் கூட்டிப் 10 என்று கேட்கிறது. இரண்டாவது காது, முதல் எண்ணோடு மற்றதன் இரண்டு மடங்கைக் கூட்டி 13 என்று கேட்கிறது. விடை சுலபம். எண்கள் 7, 3. இப்போது மாற்றிப் பாருங்கள். இரண்டாவது காதுக்கும் அதே கூட்டல்தான், கொஞ்சம் சத்தமாக 20 என்று கேட்கிறது. என்ன செய்வீர்கள்? 6, 4-ஆ? 8, 2-ஆ? தலைகீழாக நின்றாலும் தெரியாது. இரண்டு காதும் ஒரே மாதிரி கேட்டால் இரண்டு காது இருந்தும் பிரயோஜனமில்லை. வெவ்வேறு விதமாகக் கேட்க வேண்டும். அந்த வித்தியாசத்தைக் கொடுப்பது எது? தெறிப்பு. சுவரும் மரமும் ஏரியும் செய்கிற அதே கலாட்டா!

ஆக, டவரில் இரண்டு ஆன்டெனா, போனில் இரண்டு ஆன்டெனா வைத்தால், ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் இரண்டு வேறு வேறு செய்திகளை அனுப்பிப் பிரித்துக்கொள்ளலாம். சாலையை அகலப்படுத்தாமலே போக்குவரத்தை இரட்டிப்பாக்குவது போல. 1992-ல் பால்ராஜும் கைலாத்தும் பேடன்டுக்கு விண்ணப்பித்தார்கள். 1994-ல் கிடைத்தது. இதைத்தான் இன்று 'மைமோ' என்கிறார்கள்.

உலகம் கைதட்டவில்லை. ஃபேடிங்கால் லாபமா என்று சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். 1990-களின் நடுவில் பெல் ஆய்வுக்கூடத்தில் டெலட்டாரும் ஃபோஷினியும் கணிதத்தை அடுக்கிக் காட்டிய பிறகுதான் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பால்ராஜ் 1998-ல் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்துச் செய்தே காட்டினார். 2003-ல் அதை இன்டெல் வாங்கியது. 2009-ல் வைஃபை தரத்தில் மைமோ இடம்பிடித்தது, பிறகு 4ஜி, பிறகு 5ஜி. 2010-ல் பத்மபூஷண். 2014-ல் மார்க்கோனி பரிசு. ஆமாம், ராத்திரியில் மட்டும் ஏன் தூரமாகக் கேட்கிறது என்று தெரியாமல் கப்பலில் விழித்தாரே, அந்த மார்க்கோனியின் பெயரில்.

பிறந்தது இங்கே, படித்தது இங்கே, வித்தையைக் கற்றது இந்தியக் கடலில். பேடன்ட் மட்டும் அமெரிக்காவில் விளைந்தது. இதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

திரும்ப உத்திரமேரூர் சுவருக்கு வருவோம்.

இப்போது உங்கள் கையிலிருக்கும் 5ஜி போனின் ஓரங்களில் நாலு காது வரை ஒளிந்திருக்கலாம். பெரிய டவர்களில் ஒரே பெட்டிக்குள் 64 வரை வைக்கிறார்கள். எதிரே அந்தக் கல்வெட்டோ, ஊரை 30 குடும்புகளாகப் பிரிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு குடும்பிலிருந்தும் ஓலைகள், குடத்தில் கையை விட்டு எடுக்க ஒன்றுமறியாத ஒரு பாலகன், 30 பேர் தேர்வு. அதில் ஏரியைக் கவனிக்க ஆறு பேர். கணக்குக் காட்டாதவனுக்கும் அவனுடைய சொந்தக்காரனுக்கும் இடமில்லை. சோழர் காலத்தவர்களுக்கு ரேடியோ தெரிந்திருந்தது என்று கதை விட மாட்டேன். குடவோலை குலுக்கல், மைமோ கணக்கு. ஆனால் ஒரே தெருவின் குரலை மட்டும் நம்பி ஏரியை ஒப்படைக்கக் கூடாது என்று அந்தச் சபைக்குத் தோன்றியிருக்கிறது. அந்த 30 குடும்பிலும்கூட நிலம் உள்ள, வேதம் படித்த ஆண்களின் குரல் மட்டும்தான் கேட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கேட்காமல் விட்ட காதுகள் நிறைய.

இன்னொன்று. எத்தனை காது வைத்தாலும், எந்தக் காதிலும் ஒன்றுமே விழாத இடத்தில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தோடு கூட்டினால் பூஜ்யம்தான். டைவர்சிட்டியும் மைமோவும் மங்கலான குரலைக் காப்பாற்றும். டவரே எட்டாத குக்கிராமத்தில், ராத்திரியில் பிரசவ வலிக்கு 108-ஐக் கூப்பிடுகிற பெண்ணுக்கு அவற்றால் உதவி கிடையாது. அங்கே முதலில் யாராவது ஒரு கம்பம் நட வேண்டும்.

மண்டப நண்பருக்கு இத்தனையும் சொல்ல நேரமில்லை. "ஒரு சாண் தள்ளி நில்லுங்க சார், போகும்" என்றேன். நகர்ந்தார். போனது. என்னை ஏதோ பெரிய இன்ஜினீயர் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார். பஞ்சாயத்து ரேடியோவின் தலையில் தட்டினாரே, அவரை ஊர் நினைத்த மாதிரி!